பெயரும் பெயர்வும்

(கல்விச் சங்க வெள்ளி விழாவில் அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர் ஆற்றிய உரை)



'பெயரும் பெயர்வும்' என்ற தலைப்பை நான் விரும்பித் தேர்ந்தெடுத்தேன். நம் தமிழில் 'பெயர்' என்பது ஒருவரை அழைக்கும் சொல். அதுவே 'பெயர்' என்னும் வினையாகி, இருந்த இடத்தை விட்டு நகர்தலையும் குறிக்கும். பிழைப்பைத் தேடி இடம் பெயர்ந்தவனுக்கு, போன இடத்தில் பெயரும் மாறிவிடுகிறது. அந்தப் புதுப்பெயரை அவன் இட்டுக்கொள்வதில்லை, பிறர் இடுகிறார்கள். அதனை ஊரெங்கும் பரப்புவது பத்திரிகை. இன்று அவ்வேலையில் கைப்பேசியும் சேர்ந்துகொண்டது.

இப்பொருளைப் பற்றி ஏன் இங்கே பேச வேண்டும்? காரணம் நம் வாசலிலேயே இருக்கிறது. நமது மாலை நேரப் படிப்பகத்திற்குச் சென்ற மாதம் ஒரு தாய் இரண்டு பிள்ளைகளை அழைத்து வந்தார். கணவர் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார். சொந்த ஊர் பீகார். "சார், பசங்க படிக்கணும்" என்று தமக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். நம் உறுப்பினர் சிலர், "ஐயா, நம்ம பிள்ளைகளுக்கே இடம் போதவில்லை; வடக்கன் பிள்ளைக்கும் இடம் கொடுப்பதா?" என்றனர். முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை. அம்முடிவை எடுக்குமுன் நம் முன்னோர் கதையை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

பழைய வட ஆர்க்காடு மாவட்டம் பஞ்சத்தாலும் நிலமின்மையாலும் மக்களைக் கடல் கடத்தி அனுப்பிய மாவட்டம். 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் சென்னை மாகாணத்தவர். நம் பகுதி மக்கள் அதில் கணிசமானோர். வேறு பலர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்கும் மலாயா ரப்பர் தோட்டத்திற்கும் சென்றனர். கடல் கடக்க இயலாதவர் கோலார் தங்கவயலுக்கு நடந்தும் ரயிலேறியும் போய்ச் சேர்ந்தனர். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்குச் சுரங்கத் தொழிலைத் தொடங்கியபின், பூமிக்கடியில் இறங்கிப் பொன் எடுத்த கைகளில் பெரும்பாலானவை நம்முடையவை.

போன இடங்களில் அவர்களுக்குக் கிடைத்த பெயர்களைக் கேளுங்கள். 'கூலி' என்பது நமக்கு உழைப்பின் ஊதியம். நேட்டால் வெள்ளையர் வாயில் அது மனிதனுக்கே வசைப்பெயராயிற்று. வழக்கறிஞராகப் போன காந்தியடிகளும் அங்கே 'கூலி பாரிஸ்டர்'தான். நம்மவர் பெயர்கள் பல 'சாமி' என்று முடிந்ததால் இந்தியர் அனைவரையும் 'சாமி' என்று இகழ்ந்தனர் என அவர் தம் சுயசரிதையில் குறித்திருக்கிறார். இலங்கையில் தோட்டத் தொழிலாளருக்குக் 'கள்ளத்தோணி' என்ற பெயர் வந்தது. பெயரோடு சட்டமும் வந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் லட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரு அரசுகளும் எண்ணிக்கை பேசி முடித்தன. ஒருவனைக் கள்ளன் என்று ஊர் முழுவதும் சொல்லிப் பழகிவிட்டால், அவன் வீட்டைப் பறிக்கும்போது யாரும் ஏனென்று கேட்பதில்லை. வசைச்சொல்லின் வேலை அதுதான்.

இன்னொரு சொல்லும் உண்டு. நம் சாதிப்பெயரே போர்த்துக்கீசியர் வழியாக ஐரோப்பிய மொழிகளில் நுழைந்து 'பரையா' ஆயிற்று. எல்லோராலும் ஒதுக்கப்பட்டவன் என்பது அதன் பொருள். ஒரு நாட்டை உலக நாடுகள் ஒதுக்கினால் அதனைப் 'பரையா நாடு' என்று ஆங்கிலப் பத்திரிகைகள் இன்றும் எழுதுகின்றன. எழுதுபவருக்கு அது ஓர் உருவகம். நமக்கோ பாட்டன் பெயர். மலேசியாவில் 'இன்டர்லாக்' என்னும் மலாய் நாவலைப் பள்ளிப் பாடமாக்கியபோது, இச்சொல் அதில் இடம்பெற்றதைக் கண்டித்து அங்குள்ள இந்தியர் போராடினர். 2011இன் இறுதியில் அது பாடத்திலிருந்து நீக்கப்பட்டது.

நம் முன்னோர் இதற்கு என்ன மறுமொழி தந்தனர்? பத்திரிகையின் இழிசொல்லுக்குப் பத்திரிகையாலேயே விடை தந்தனர். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் ஒரு பத்திரிகை தொடங்கி, அதற்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். பெயரை மறைத்துக்கொண்டு உரிமை கேட்க முடியாது, அப்பெயரோடேயே தலைநிமிர வேண்டும் என்பது அவர் துணிபு. அவருடைய நெருங்கிய உறவினரான அயோத்திதாசப் பண்டிதர் இதனை ஏற்கவில்லை. பகைவர் இட்ட பெயரை நாமே சூடலாகாது, நாம் இந்நாட்டின் பூர்வ குடிகள், பூர்வ பௌத்தர்கள் என்பது பண்டிதர் கொள்கை. 1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் அவர் சென்னை இராயப்பேட்டையில் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். மறு ஆண்டிலிருந்து அது 'தமிழன்' ஆயிற்று. பிறர் நம்மைத் தமிழர் கணக்கிலேயே சேர்க்கத் தயங்கிய காலத்தில், 'தமிழன்' என்ற பெயரையே அவர் தம் இதழின் நெற்றியில் எழுதினார்.

இருவருள் யார் சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. வசைப்பெயரைக் கொடியாக்குவது ஒரு வழி. அதனைத் துடைத்தெறிந்து வேறு பெயர் காண்பது மற்றொரு வழி. இரண்டிலும் பெயரிடும் உரிமை நம் கையில் இருக்கிறது. 1922இல் எம்.சி. ராஜா அவர்கள் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாய் 'ஆதி திராவிடர்' என்ற பெயர் அரசு ஏடுகளில் ஏறியது. பின்னாளில் 'தலித்' என்ற சொல்லை நாமே ஏற்றோம். 2018 ஆகஸ்டில் மத்திய அரசு அச்சொல்லைத் தவிர்க்குமாறு தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு அறிவுரை அனுப்பியபோது நம்மவர் எதிர்த்ததும் அதனால்தான்.

ஈண்டு ஒன்றை மறவாதீர்கள். 'தமிழன்' இதழைத் தாங்கியவர்களில் இடம் பெயர்ந்தவர்களே முன்னணியில் நின்றார்கள். கோலார் சுரங்கத் தொழிலாளர் சந்தா கட்டினார்கள். மாரிக்குப்பத்திலும் திருப்பத்தூரிலும் ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் பண்டிதரின் பௌத்த சங்கத்திற்குக் கிளைகள் இருந்தன. பண்டிதர் 1914இல் மறைந்தார். நின்றுபோன இதழை 1926இல் கோலார் தங்கவயலிலிருந்தே அப்பாதுரையார் மீண்டும் நடத்தினார்.

இக்கதை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் மெக்சிகோ முதலிய இலத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்து, பழம் பறித்தும் கட்டடம் கட்டியும் பிழைப்போர் கோடிக்கணக்கில் உள்ளனர். 1994இல் கலிபோர்னியா மாநிலத்தில், ஆவணமின்றிக் குடியேறியோர்க்குப் பள்ளியும் மருத்துவமும் மறுக்கும் சட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. அக்காலத்து 'லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்' செய்திகளை ஆட்டோ சாந்தா அனா என்ற பேராசிரியர் வரிவரியாக ஆராய்ந்தார். வந்தவர்களைப் பத்திரிகை வெள்ளமாகவும் அலையாகவும் விலங்காகவும் உருவகித்தது என்று 2002இல் நூல் எழுதினார். வெள்ளம் என்று சொல்லிவிட்டால் அணை கட்டுவதே அறிவாகத் தோன்றும். வெள்ளத்திற்குத் தாய் தந்தை உண்டோ? பசி உண்டோ? பள்ளிக்கூடம் வேண்டுமோ?

அவர்களும் வாளாவிருக்கவில்லை. 'சிகானோ' என்ற இளக்காரச் சொல்லை 1960களில் அந்நாட்டு மெக்சிக இளைஞர்கள் தங்கள் பெருமைப் பெயராக்கிக்கொண்டனர். அப்பெயரின் பொருளை அதே 'லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்' ஏட்டில் 1970இல் விளக்கி எழுதியவர் ரூபன் சலசார். அவ்வாண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள், ஊர்வலத்தைப் பற்றிச் செய்தி சேகரிக்கச் சென்ற அவர், காவலர் எய்த கண்ணீர்ப்புகைக் குண்டு தாக்கி இறந்தார். 2013இல் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம், 'சட்டவிரோதக் குடியேறி' என்று மனிதரைக் குறிப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. செயல் சட்டத்திற்கு மாறாக இருக்கலாம், ஒரு மனிதனே சட்டவிரோதம் ஆவதில்லை என்பது அதன் கருத்து. 'கள்ளத்தோணி'க்கு மறுப்பும் இதுவே அல்லவா?

அவர்களையும் நம்மையும் இணைக்கும் சொல் ஒன்று உண்டு. நாம் வாழும் பகுதியைக் 'காலனி' என்பார்கள். குடியேறியோர் வாழிடம் என்று பொருள்படும் 'கொலோனியா' என்ற இலத்தீன் சொல்லே அதன் மூலம். அமெரிக்காவின் டெக்சாஸ் எல்லையில், குடிநீரும் கழிவுநீர்க் கால்வாயும் இன்றி ஏழை மெக்சிகர் வாழும் குடியிருப்புகளுக்கும் 'கொலோனியா' என்றுதான் பெயர். அவர்களுள் பலராவது எல்லை கடந்து வந்தவர்கள், அல்லது அவ்வாறு வந்தவர்களின் பிள்ளைகள். தலைமுறை தலைமுறையாய் இம்மண்ணில் ஏர் பிடித்த நம்மையும் குடியேறியோர் பெயரால் அழைத்தது இவ்வூர். 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு முதலமைச்சர் இச்சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொது வழக்கிலிருந்தும் நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல் போகும், அதனோடு ஒட்டிய இளக்காரமும் போக வேண்டும்.

இனி, கலப்பு என்பதைப் பற்றிச் சிறிது. 'வெளியூரார் வந்தால் நம் மொழியும் பண்பாடும் கெடும்' என்போர் உளர். மேசை, சாவி, அலமாரி, ஜன்னல் ஆகியவை போர்த்துக்கீசியர் தந்தவை. மேசையை மெக்சிகரும் 'மேசா' என்றே சொல்வர். தோல் ஷாப்பில் நம்மை மேய்க்கும் 'மேஸ்திரி'யும் அவர் வழி வந்தவரே! ஆம்பூர்க் கடைத்தெருவில் தமிழும் உருதும் தெலுங்கும் ஒரே பேச்சில் கலந்து வருகின்றன. கோலார் தங்கவயலில் பிறந்த நம் உறவினர் நான்கு மொழி பேசுவர். 2001இல் சுரங்கம் மூடப்பட்டபின் அந்த மொழிகளே அவர்களுக்குப் பெங்களூரில் சோறு போட்டன. தமிழ் அவர்களை விட்டுப் போகவில்லை.

நிற்க. இப்போது நம் பத்திரிகைகளையும் கைப்பேசிகளையும் பார்ப்போம். பீகார், ஒடிசா, அசாம் மாநிலத்தார் இங்கு வேலைக்கு வந்தால் 'படையெடுப்பு', 'குவிகின்றனர்' என்று எழுதுகிறார்கள். குற்றம் செய்தவன் வெளியூரானாயின் 'வடமாநில வாலிபர் கைது' என்று தலைப்பு. உள்ளூரானாயின் வெறும் 'வாலிபர் கைது'. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் கொல்லப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. தொழிலாளர் அஞ்சி ஊர் திரும்பினர். பீகார் அதிகாரிகள் குழு நேரில் வந்து விசாரித்தது. பொய் எத்திசையிலிருந்து வந்தாலும் அடி விழுவது ஏழைத் தொழிலாளி மேல்தான். 'வடக்கன்' என்று கேலி செய்யும் படங்களை நம் இளைஞர்களும் அனுப்பிச் சிரிக்கிறார்கள். என் மாணவர்களும் அனுப்புகிறார்கள் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

"அவர்கள் வந்ததால் நம் கூலி குறைகிறதே, ஐயா" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, அதனை மறைக்க மாட்டேன். உள்ளூர் ஜூலு மக்கள் தோட்ட முதலாளி சொன்ன நிபந்தனைக்கு உழைக்க மறுத்தபோதுதான் நம் பாட்டன் நேட்டாலுக்கு அழைத்துச் செல்லப்பட்டான். அங்கே அவன் செய்தது பசிக்கு வேலை. கூலியைக் குறைத்தது அவனை அழைத்துச் சென்றவர். இங்கும் அதே கணக்குத்தான். பீகாரிக்கும் நமக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி, ஒரே சேமநிதி, ஒரே ஈ.எஸ்.ஐ. என்று சங்கம் கேட்டால், அவனைக் காட்டி நம் கூலியைக் குறைக்க எவராலும் இயலாது. அவனை வசைபாடினால் குறைந்த கூலி அப்படியே இருக்கும். கேட்க வேண்டிய இருவரும் பிரிந்து நிற்போம்.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை இச்சபை முன் வைக்கிறேன்.

முதலாவது, இளைஞர்களே, எந்தச் செய்தியையும் பிறருக்கு அனுப்புமுன் 'வடக்கன்' என்ற இடத்தில் உங்கள் சாதிப்பெயரை வைத்துப் படித்துப் பாருங்கள். நெஞ்சு சுடுமாயின் அனுப்பாதீர்கள்.

இரண்டாவது, நம் படிப்பகத்தில் மாதம் ஒரு கையெழுத்து இதழ் நடத்துவோம். கோலார் சென்ற பாட்டி, சுண்ணாம்புக் குழியில் நின்ற தாத்தா, ஷூ கம்பெனிக்குப் போகும் அக்கா, இவர்கள் கதையை நீங்களே எழுதுங்கள். நம்மைப் பற்றி நாம் எழுதாவிட்டால் பிறர் எழுதுவார்கள். அவர்கள் வைத்த பெயரே நிலைக்கும்.

மூன்றாவது, அந்தத் தாயின் இரண்டு பிள்ளைகளையும் திங்கட்கிழமை முதல் நம் படிப்பகத்தில் சேர்த்துக்கொள்வோம். இடம் போதாவிட்டால் பாயை இன்னும் சற்று விரிப்போம். 'உனக்கு இங்கே இடமில்லை' என்ற சொல்லைப் பள்ளி வாசலில் கேட்டவர்களின் பிள்ளைகள் நாம். அச்சொல்லை நம் வாசலிலிருந்து பிறர் கேட்கலாகாது. வருகைப் பதிவேட்டில் அப்பிள்ளைகளின் பெயரை அவர்கள் தாய் சொல்லும்படியே எழுதுவோம்; அழைக்கும்போதும் அப்பெயராலேயே அழைப்போம்.

வெள்ளி விழாக் காணும் நம் சங்கம் பொன்விழாவும் காணும்போது, அவ்விரு பிள்ளைகளுள் ஒருவர் இம்மேடையில் நல்ல தமிழில் பேச வேண்டும். அதனைக் கேட்கும் பேறு உங்களுக்குக் கிடைக்கட்டும்.