டிசம்பர் 10: நம் நாற்காலி காலியாக இருக்கக் கூடாது

(தஞ்சைக் கீழவாசலில், டிசம்பர் முதல் வாரத்தில் நடந்த தெருக்கூட்டத்தில் பேசிய பேச்சு)

தோழர்களே! தாய்மார்களே! அரிசி ஆலையில் முறை முடிந்து, தலையில் தவிட்டுத் தூசி கூடப் போகாமல் நேரே இங்கு வந்திருக்கும் நண்பர்களே!

மழை விட்டு ஒரு மணி நேரந்தான் ஆகிறது. உட்காரத் தரை ஈரம். நின்றபடியே கேட்கிறீர்கள். ஆகவே நீட்டிப் பேசமாட்டேன். உலக விஷயங்களை இன்னொரு நாள் பேசிக்கொள்வோம். இன்று நம் பேட்டை விஷயம். என்ன நடந்திருக்கிறது, அடுத்து என்னென்ன நாட்கள் வருகின்றன, அந்த நாட்களில் நமக்கு என்ன வேலை - இவ்வளவுதான் பேச்சு.

தண்ணீர்ச் செய்தி

முதல் செய்தி தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் தெருவில் முழங்காலளவு நின்றது. சாக்கடை எது, தெரு எது என்று தெரியவில்லை. குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனோம்.

இந்த ஊர் தண்ணீருக்கு வழி தெரியாத ஊரா? இல்லை. நாயக்கர் காலத்தில் இங்கே ஓர் ஏற்பாடு இருந்தது. ஊருக்கு மேற்கே பெய்த மழை சேவப்ப நாயக்கன் ஏரியில் சேரும். அங்கிருந்து பூமிக்கடியில் கட்டிய வழியாகப் பெரிய கோயிலை ஒட்டிய சிவகங்கைக் குளத்துக்கு வரும். அங்கிருந்து ஐயன்குளத்துக்கும் சாமந்தான் குளத்துக்கும் போகும். ஒரு சொட்டு வீண் போகாது. ஒரு தெருவும் மூழ்காது. அந்த வழிகள் பிற்பாடு தூர்ந்தன, அடைபட்டன, அவற்றின் மேல் கட்டடங்கள் எழுந்தன. 2016-ல் தஞ்சை ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் சேர்ந்த பிறகு ஐயன்குளமும் சாமந்தான் குளமும் சீர் செய்யப்பட்டன. நல்ல காரியம். பாராட்ட வேண்டியதைப் பாராட்டுவோம்.

ஆனால் குளத்தைச் சுற்றி நடைபாதையும் விளக்கும் போட்டால் நம் சந்துத் தண்ணீர் தானாக வடிந்துவிடுமா? எந்த மூலையில் தண்ணீர் முதலில் ஏறுகிறது, எந்த மூடி பெயர்ந்து கிடக்கிறது, எந்த வாய்க்கால் மேல் யார் படிக்கட்டு கட்டியிருக்கிறார்கள் - இதெல்லாம் வரைபடத்தில் இராது. அந்த வாசலில் தினமும் கோலம் போடுகிற பெண்ணுக்குத் தெரியும். விடியற்காலை நாலு மணிக்கு ஆலைக்கு நடக்கிறவனுக்குத் தெரியும். பொறியாளர் மாறுவார், கமிஷனர் மாறுவார். நாம் மாறமாட்டோம். தெரிந்தவன் வாய் திறக்காவிட்டால், தெரியாதவன் போட்ட கணக்குத்தான் தெருவுக்கு வந்து சேரும்.

கம்பியும் கூரையும்

இரண்டாவது, மின்கம்பிச் செய்தி. நம் பேட்டையில் மூன்று இடங்களில் கம்பி தொய்ந்து கிடக்கிறது. கையை உயர்த்தினால் தட்டும் என்கிறார்கள் நம் வாலிபர்கள். இது சின்ன விஷயமா?

இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது களிமேடு. 2022 ஏப்ரல் 27, விடியற்காலை. அப்பர் சுவாமிக்குச் சதய விழா. ஊரே சேர்ந்து தேர் இழுத்து வருகிறது. தேரின் உச்சி உயர் அழுத்த மின்கம்பியில் பட்டது. 11 பேர் அந்த இடத்திலும் ஆஸ்பத்திரியிலுமாக மாண்டார்கள். சிறுவர்களும் அதில் உண்டு. சாலையை உயர்த்தினார்கள், கம்பியை உயர்த்தவில்லை என்ற பேச்சு அதற்கப்புறந்தான் நாடெங்கும் எழுந்தது.

கும்பகோணத்தை மறந்துவிட்டோமா? 2004 ஜூலை 16. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற இடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் வெந்து போனார்கள். அந்தக் கூரை ஒளித்து வைத்த கூரையா? தெருவில் போகிறவர் எல்லோர் கண்ணிலும் பட்ட கூரைதான்.

அந்தத் தாய் தகப்பன்மாரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. பெற்றவர்களைவிட அந்தப் பிள்ளைகள் மேல் யாருக்கு அக்கறை? நான் கேட்பது வேறு. கண்ணில் படுகிற ஆபத்தைக் காகிதத்தில் ஏற்றி, பொறுப்பானவர் கையில் கொடுத்து, பதில் வாங்க நமக்கு ஓர் இடம் இருக்கிறதா? பிணம் விழுந்த பிறகு மந்திரி வருகிறார், கலெக்டர் வருகிறார். விழுவதற்கு முன்பு அவர்கள் காதில் போட ஒரு நாள் இருக்கிறதா?

இருக்கிறது தோழர்களே! அதைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

பகுதி சபை என்றால் என்ன?

கிராமத்தில் கிராம சபை உண்டு. அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் 1993-ல் அமலுக்கு வந்து அதற்கு உரிமை கொடுத்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் தமிழ்நாட்டில் அதற்குக் குறித்திருக்கிறார்கள். பூதலூர், ஒரத்தநாடு பக்கத்திலிருந்து வந்திருக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கு இது புதிதல்ல.

ஊரை விட்டுப் பட்டணத்துக்குப் பிழைக்க வந்த நமக்கோ அப்படி ஒன்றும் இல்லாமல் இருந்தது. 1866-ல் தஞ்சை முனிசிபாலிடி ஆனது. 2014-ல் மாநகராட்சி ஆனது. 51 வார்டு, 51 கவுன்சிலர். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஓட்டுப் போடுவதோடு நம் வேலை தீர்ந்தது. 2022-ல் தான் விதி செய்தார்கள்: ஒவ்வொரு வார்டையும் பகுதிகளாகப் பிரித்துப் பகுதி சபை கூட்ட வேண்டும் என்று. 2022 நவம்பர் 1 அன்று முதல் கூட்டங்கள் நடந்தன. அதற்கு மேல் ஆண்டுக்கு நான்கு நாட்கள் குறித்தார்கள். ஜனவரி 25 வாக்காளர் தினம். ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்த நாள். செப்டம்பர் 15 அண்ணா பிறந்த நாள். டிசம்பர் 10 மனித உரிமை நாள்.

டிசம்பர் 10, இதோ வந்துவிட்டது!

சென்ற முறை இப்படி ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். எந்த வார்டு என்று சொல்ல வேண்டாம். ஷாமியானா போட்டு ஐம்பது நாற்காலி போட்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன், வந்தவர் பதினேழு பேர். அதில் ஆறு பேர் உத்தியோகஸ்தர்கள், இரண்டு பேர் டீ கொடுக்க வந்தவர்கள். அரை மணியில் தீர்மானங்களை வாசித்துவிட்டு எழுந்தார்கள். அப்போது ஒரு அம்மா, ஆலையில் நெல் காயப் போடுகிறவர், எழுந்து, "எங்க சந்துல குழாய்த் தண்ணி ராத்திரி ரெண்டு மணிக்கு வருதுங்க. நான் எப்ப தூங்குறது?" என்று கேட்டார். "சொல்லிட்டீங்கல்ல, பார்க்குறோம்" என்றார்கள். அந்த அம்மா உட்காரவில்லை. "எழுதிக்கிட்டீங்களா?" என்றார். எழுதவில்லை. "எழுதுங்க, நிக்கிறேன்" என்றார். எழுதினார்கள்.

மறு வாரமே தேனாறு ஓடியது என்று பொய் சொல்லமாட்டேன். நேரம் மாற இரண்டு மாதம் ஆயிற்று. இப்போது மாலை ஆறு மணிக்கு வருகிறது. ஒரு அம்மா நின்றதற்கே இது! ஐம்பது நாற்காலியும் நிறைந்திருந்தால்?

கூட்டம் என்பது நமக்குச் சும்மா கிடைத்ததா?

இங்கே நிற்கிறவர்களில் பாதிப் பேருக்குப் பூர்வீகம் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, நாகைப் பக்கம். உங்கள் பாட்டன்மாரைக் கேட்டால் தெரியும், அவர்கள் இல்லையென்றால் உங்கள் அப்பனைக் கேளுங்கள். மிராசுதார் வாசலில் தோள் துண்டு இடுப்புக்கு இறங்கும். நாலு பண்ணையாள் சேர்ந்து நின்று பேசினால் அது குற்றம். அதற்குத் தண்டனை சாட்டையடி, சாணிப்பால். அந்தக் காலத்தில் பி. சீனிவாச ராவ் வந்து சேரியிலே தங்கி, "அடித்தால் திருப்பி அடி" என்கிற தைரியத்தை ஊட்டினார். ராத்திரியில் வயல் வரப்பில் கூடினார்கள். விளக்கில்லாமல் கூடினார்கள். அப்படிக் கூடிக் கூடித்தான் 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலி கூடக் கேட்டுச் சங்கமாய் நின்றதற்காகத்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ வெண்மணியில் 44 பேரை ஒரே குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள்.

இருட்டில் ஒளிந்து கூடியவர்களின் பேரப் பிள்ளைகளை இன்று சர்க்காரே நாள் குறித்து, நாற்காலி போட்டு, வா என்கிறது. நாம் போவதில்லை! "அங்கே போய் என்ன ஆகப் போகிறது?" என்கிறோம். வெண்மணிக்காரர்கள் இதைக் கேட்டால் என்ன நினைப்பார்கள்?

அரை நாள் கூலி

இதோ அந்த ஓரத்தில் ஒரு தோழர் முணுமுணுக்கிறார், எனக்குக் கேட்கிறது. "போனால் அரை நாள் கூலி போகுமே, ஐயா கொடுப்பாரா?" என்கிறார். நியாயமான கேள்வி. கூலிக்காரனுக்கு ஜனநாயகம் கூட ஓசியில் கிடைப்பதில்லை.

எல்லோரும் வேலையை விட வேண்டாம். சந்துக்கு இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் ஆண், ஒருவர் பெண். அவர்களுக்குப் போகிற அரை நாள் கூலியை அந்தச் சந்துக்காரர்கள் வீட்டுக்குக் கொஞ்சமாய்ப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். ஒரு டீக் காசு கூட ஆகாது. வேலைக்குப் போகாத பெரியவர்கள், ராத்திரி முறைக்காரர்கள், படிக்கிற பிள்ளைகள் சும்மாவே வரலாம். பெண்கள் கட்டாயம் வர வேண்டும். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-லேயே சட்டம் ஆகிவிட்டது. மேடையில் பாதி கொடுத்துவிட்டுப் பந்தலில் ஒருவரும் இல்லையென்றால் எப்படி?

போகிறவர்கள் வெறுங்கையோடு போகக் கூடாது. வாயால் சொன்னது காற்றோடு போகும். ஒரு கோரிக்கைக்கு ஒரு தாள். எந்தச் சந்து, எந்த வீட்டுக்கு எதிரில், எத்தனை நாளாக என்று எழுதுங்கள். மின்கம்பி விஷயமானால் கம்பத்தில் பெயிண்டால் எழுதியிருக்கும் நம்பரைக் குறியுங்கள். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். வருகைப் பதிவில் கையெழுத்துப் போடுங்கள். ஆனால் வெற்றுத் தாளில் போடாதீர்கள். தீர்மானத்தை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நம் கோரிக்கை அதில் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். இல்லையென்றால் அந்த அம்மா நின்ற மாதிரி நில்லுங்கள். மரியாதையாக, ஆனால் உட்காராமல்.

பதில் வரவில்லையா? 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டி, என் மனு என்ன ஆயிற்று என்று கேட்கலாம். மனு எழுதத் தெரியாதவர்கள் 8, 9 தேதிகளில் மாலை நம் படிப்பகத்துக்கு வாருங்கள். நம் வாலிபர்கள் எழுதித் தருவார்கள். காசு கிடையாது. கூட்டம் நடக்கும் இடமும் நேரமும் வார்டு அலுவலகத்தில் விசாரித்து இங்கே பலகையில் எழுதிப் போடுகிறோம்.

குறித்துக்கொள்ள வேண்டிய நாட்கள்

டிசம்பர் 10: பகுதி சபை.

டிசம்பர் 25: வெண்மணி தியாகிகள் நாள். போகிறவர்கள் முன்கூட்டியே பெயர் கொடுங்கள். அஞ்சலி செலுத்தத்தான் போகிறோம். கூச்சல், குடி எதுவும் கூடாது.

பொங்கலுக்குள் சம்பா அறுப்புத் தொடங்கிவிடும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதத்துக்கு மேல் என்றால் நெல்லைத் தள்ளுகிறார்கள். மூட்டை மழையில் நனைந்தால் விவசாயிக்கும் நஷ்டம், சுமை தூக்குகிறவனுக்கும் வேலை இல்லை, ஆலையில் நமக்கும் வேலை இல்லை. தார்ப்பாயும் மேடையும் எந்தெந்த ஊரில் இல்லையோ, அந்த ஊர்க்காரர்கள் இப்போதே கணக்கெடுங்கள்.

ஜனவரி 25: மறுபடி பகுதி சபை. டிசம்பர் 10-க்கும் இதற்கும் நடுவே 46 நாள். கையெழுத்து வாங்கிய பிரதியை எடுத்துக்கொண்டு போய் முதல் கேள்வியாகக் கேளுங்கள்: "46 நாளில் என்ன செய்தீர்கள்?"

ஜனவரி 26: கிராம சபை. இரண்டு நாள் கழித்து, ஜனவரி 28, வழக்கமாக மேட்டூர் அணை மூடுகிற நாள். ஆற்றில் தண்ணீர் நின்று கோடை வந்தால் தூர் வாருகிற வேலை வரும். எந்த வாய்க்காலை வாருவது என்பதைக் கிராமத்துத் தோழர்கள் 26-ஆம் தேதியே தீர்மானத்தில் ஏற்றிவிடுங்கள். ஜூன் 12-ல் அணை திறந்து தண்ணீர் புறப்பட்ட பிறகு, கடைமடையில் உட்கார்ந்துகொண்டு என் வயலுக்கு வரவில்லையே என்று அழுது பயனில்லை.

தோழர்களே! மழை மறுபடி தூறுகிறது. முடித்துக்கொள்கிறேன். தொய்ந்த கம்பி மூன்று, பெயர்ந்த மூடி ஏழு, எரியாத விளக்கு பன்னிரண்டு - நம் பேட்டைக் கணக்கு இது. இந்த இருபத்திரண்டுக்கும் இருபத்திரண்டு தாள் தயாராக வேண்டும். எந்தச் சந்திலிருந்து யார் போகிறீர்கள்? இப்போதே, கலைவதற்கு முன்பு, இந்த நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.