சுண்டெலி தந்த விடை
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



மனித மூளையை அறிய ஒரு சுண்டெலி எவ்வாறு துணை நின்றது என்பதை எடுத்துரைக்க விரும்புகிறேன்.

மூளையில் ஒரு நரம்பணு மற்றொன்றோடு பெரும்பாலும் வேதிப்பொருள்களின் வழியே பேசுகிறது. அப்பொருளை எதிர்கொண்டு வாங்கும் புரதத்திற்கு ஏற்பி என்று பெயர். ‘காபா’ என்னும் பொருள் தன் ஏற்பியில் சேரும்போது நரம்பணுவின் கிளர்ச்சி அடங்குகிறது.

1963ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த டயசிபாம் என்னும் மருந்து, காபாவின் செயலை மிகுவிக்கிறது. அது பதற்றத்தைத் தணிக்கும். உறக்கக் கலக்கத்தையும் கொடுக்கும். பதற்ற நோயால் வருந்தும் தொழிலாளி அம்மருந்தை உண்டு இயந்திரத்தின் முன் நிற்பது ஆபத்து. உண்ணாவிடில் நோய் வருத்தும். இவ்விரு விளைவுகளும் ஒரே ஏற்பியால் நேர்வனவா, வெவ்வேறு ஏற்பிகளால் நேர்வனவா? இதுவே அறிவியலார் முன் நின்ற வினா.

காபா ஏற்பிகள் பல வகையின. ஆல்ஃபா 1, 2, 3, 5 என்னும் கூறுகளில், ஓர் இடத்தில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அங்கே மருந்து பற்றுகிறது. ஆல்ஃபா 4, 6 ஆகியவற்றில் அவ்விடத்தில் ஆர்ஜினின் இருப்பதால் மருந்து பற்றுவதில்லை. சூரிச் நகர ஆய்வாளர்கள் இவ்வேறுபாட்டையே கருவியாகக் கொண்டனர். சுண்டெலிக் கருவின் குருத்தணுக்களில் ஆல்ஃபா 1 மரபணுவை மட்டும் திருத்தி, ஹிஸ்டிடினுக்குப் பதில் ஆர்ஜினின் அமையச் செய்தனர். அவ்வணுக்களை இளங்கருவில் சேர்த்து, பிறந்த குட்டிகளின் வழியே ஒரு புதிய எலி வழியை உருவாக்கினர். அவ்வெலிகளில் காபா முன்போலவே செயல்பட்டது. டயசிபாம் மட்டும் அந்த ஏற்பியைப் பற்ற இயலவில்லை.

சுண்டெலி வெளிச்சத்திற்கு அஞ்சி இருளில் பதுங்கும் இயல்புடையது. அச்சம் தணிந்தால் வெளியே வரும். 1999இல் வெளிவந்த ஆய்வில், டயசிபாம் உண்ட மாற்றெலிகள் சோர்ந்து ஒடுங்கவில்லை. ஆயினும் அச்சம் தணிந்து வெளியே வந்தன. 2000இல் ஆல்ஃபா 2 மாற்றப்பட்ட எலிகளிலோ சோர்வு வந்தது, அச்சம் தணியவில்லை. ஆக, கலக்கத்திற்கு ஒரு வாயில், அமைதிக்கு வேறொரு வாயில் என்பது விளங்கிற்று. எலியில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ளலாகாது. எனினும், புதிய மருந்தை எங்கே தேடுவது என்பது தெளிவாயிற்று.

மரபணுவைக் குறித்து மாற்றும் இம்முறைக்கு வழிகண்ட மூவர் 2007இல் நோபல் பரிசு பெற்றனர். அவருள் ஒருவரான மரியோ கபெக்கி 1937இல் இத்தாலியில் பிறந்தவர். போர்க்காலத்தில் பசியோடு தெருவில் திரிந்ததாகவும், ஒன்பதாம் அகவையில் அமெரிக்கா சென்ற பின்னரே படிக்கக் கற்றதாகவும் அவரே கூறியுள்ளார். 1980இல் இவ்வாய்வுக்கு நிதி கேட்டபோது, வெற்றி பெறாது என்று மதிப்பீட்டாளர்கள் ஒதுக்கினர். அவர் கைவிடவில்லை.

இளைஞர்களே! ஒன்றை மட்டும் மாற்றுக. ஏனையவற்றை அப்படியே வைத்திடுக. இரண்டையும் ஒப்பிட்டு நோக்குக. எவர் கூற்றையும் இவ்வாறு சோதித்தே ஏற்பது அறிவியலின் நெறி. அந்நெறிக்கு வேண்டிய முதல் பொருள் வினா ஒன்றே. அதனை எழுப்பும் உரிமையும் ஆற்றலும் உங்களுக்கு உண்டு. ஆய்வுக்கூடத்தின் கதவைத் தயங்காது தட்டுங்கள்.