ஒத்த சொல்லும் ஒவ்வாப் பொருளும்

ஆங்கிலம் பயிலும் மாணவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. அறியாத சொல் ஒன்று எதிர்ப்பட்டவுடன் அகராதியைப் புரட்டுவார்கள். அதற்கு நேராக உள்ள தமிழ்ச் சொல்லைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். பழக்கம் நல்லதே. ஆனால் சில திங்கள் கழித்து அந்தக் குறிப்பேட்டைத் திருப்பிப் பார்த்தால், ஒரே தமிழ்ச் சொல்லுக்கு நேராக இரண்டு மூன்று ஆங்கிலச் சொற்கள் நிற்கக் காணலாம். ‘இவையெல்லாம் ஒன்றுதானே? எதை எழுதினால் என்ன?’ என்ற வினா அப்போது எழுகிறது. வகுப்பறையில் நான் அடிக்கடி எதிர்கொள்ளும் வினா அது. அதற்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

இத்தகைய ஆராய்ச்சி தமிழருக்குப் புதியதன்று. ஒருவரிடம் ஒரு பொருளைக் கேட்கும்போது ‘ஈ’ என்றும், ‘தா’ என்றும், ‘கொடு’ என்றும் கேட்கலாம். மூன்றும் ஒரே செயலைத்தான் குறிக்கின்றன. ஆயினும், தாழ்ந்தவன் கேட்கும் சொல் ‘ஈ’, ஒத்தவன் கேட்கும் சொல் ‘தா’, உயர்ந்தவன் கேட்கும் சொல் ‘கொடு’ என்று தொல்காப்பியர் வரையறுத்தார். செயல் ஒன்றாயினும், கேட்பவன் நிலை வேறு. அதனால் சொல்லும் வேறு. இதே கண் கொண்டு ஆங்கிலச் சொற்களையும் நோக்குதல் வேண்டும்.

ஆங்கிலத்தில் இணைச் சொற்கள் மிகுந்திருப்பதற்கு வரலாற்றில் காரணம் உண்டு. 1066ஆம் ஆண்டில் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தை வென்றான். அதன்பின் அரண்மனையில் பிரெஞ்சும், வயல்வெளியில் ஆங்கிலமும் வழங்கின. ஆடும் பன்றியும் மேய்த்தவன் ஆங்கிலக் குடியானவன். அவற்றின் இறைச்சியை உண்டவன் பிரெஞ்சு பேசிய பிரபு. ஆகவே தொழுவத்தில் நிற்கும் ஆடு ‘ஷீப்’ என்றும், தட்டில் வரும் அதன் இறைச்சி ‘மட்டன்’ என்றும் பெயர் பெற்றன. பன்றி ‘பிக்’, அதன் இறைச்சி ‘போர்க்’. ஒரு பொருளுக்கு இரு சொற்கள் வந்து சேர்ந்தால், ஒன்று அவற்றுள் ஒரு சொல் மறையும். இல்லையேல் உடன்பிறந்தார் இருவர் நிலத்தைப் பங்கிட்டுக்கொள்வதுபோல் அவை பொருளைப் பங்கிட்டுக்கொள்ளும். அந்தப் பங்கீட்டின் வரப்பு எங்கே இருக்கிறது என்று அறிவதே மொழி கற்பவன் கடமை.

முதலில் ஓர் எளிய இணையைக் காண்போம். ‘ஷேட்’, ‘ஷாடோ’ என்னும் இரண்டையும் நாம் நிழல் என்றே சொல்கிறோம். வெயிலுக்கு அஞ்சி மாமரத்தடியில் ஒதுங்குகிறோமே, அங்கே இருப்பது ‘ஷேட்’. அதற்குக் குளிர்ச்சி உண்டு. திட்டமான வடிவம் வேண்டுவதில்லை. மாலைப் பொழுதில் நம் உருவைப் போலவே நீண்டு தரையில் விழுகிறதே, அது ‘ஷாடோ’. அதற்கு வடிவம் உண்டு, விளிம்பு உண்டு. குழந்தை துரத்தி விளையாடுவது பின்னதை; வழிப்போக்கன் நாடுவது முன்னதை.

‘ஹியர்’, ‘லிஸன்’ என்பனவும் இத்தகையனவே. இரண்டும் கேட்டல்தான். ஆனால் முன்னது செவியின் செயல். பின்னது செவியோடு கருத்தும் சேர்ந்த செயல். அடுத்த அறையில் வேறு வேலையில் ஆழ்ந்திருப்பவர் காதிலும் இந்த வானொலிப் பேச்சு விழக்கூடும், அது ‘ஹியர்’. பெட்டியின் அருகே அமர்ந்து நீங்கள் செவிமடுப்பது ‘லிஸன்’. எந்த ஆசிரியரும் மாணவரிடம் வேண்டுவது பின்னதையே!

இனி, மனத்தின் குணங்களைக் குறிக்கும் சொற்களுக்கு வருவோம். ‘என்வி’, ‘ஜெலஸி’ என்னும் இரண்டிற்கும் பொறாமை என்றே எழுதிவிடுகிறோம். ஆங்கிலேயரும் அன்றாடப் பேச்சில் இவற்றைக் கலந்து வழங்குவதுண்டு. எனினும் நுணுகி நோக்கினால் வேறுபாடு தெளிவாகும். பிறனிடம் உள்ளது தனக்கு இல்லையே என்று புழுங்குவது ‘என்வி’; வள்ளுவர் அழுக்காறு என்று கடிந்தது இதனையே. தன்னிடம் உள்ளதைப் பிறன் கவர்ந்துவிடுவானோ என்று அஞ்சித் துடிப்பது ‘ஜெலஸி’. ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ நாடகத்தில் இவ்விரண்டும் எதிரெதிரே நிற்கின்றன. தான் விரும்பிய பதவி காஸியோவுக்குக் கிடைத்ததே என்று இயாகோ உள்ளம் எரிகிறான்; அது முதல் வகை. தன் மனைவி டெஸ்டிமோனாவின் அன்பு பிறனிடம் சென்றுவிட்டதோ என்று ஒதெல்லோ கலங்குகிறான். அது இரண்டாம் வகை. முதல்வனின் நோய் இரண்டாமவனுக்கு நஞ்சாக ஊட்டப்பட்டு, குற்றமற்ற ஒருத்தியின் உயிரைக் குடிப்பதே அந்நாடகம். இரண்டையும் ஒரு சொல்லால் மூடிவிட்டால், நாடகத்தின் உயிர்நிலையே நமக்குப் புலப்படாமற் போகும்.

சொல்லின் ஒரு முன்னொட்டு மாறினாலும் பொருள் வெகுதூரம் சென்றுவிடும். ‘அன்இன்டரெஸ்டெட்’ என்றால் அக்கறையற்றவர். ‘டிஸ்இன்டரெஸ்டெட்’ என்றால் தன்னலச் சார்பற்றவர். பின்னதை முன்னதன் பொருளிலேயே எழுதுவோர் இன்று பலர் உளர். ஆயினும் வேறுபாட்டைக் காத்தல் நலம். நீதிபதி இரண்டாம் வகையினராக இருத்தல் வேண்டும். முதல் வகையினராக இருத்தல் ஆகாது. வழக்கில் தமக்கு ஆதாயம் தேடாதவரை நாடுகிறோமேயன்றி, வழக்கு நடக்கையில் கொட்டாவி விடுபவரை அன்று!

நீதிமன்றத்திற்கு வந்துவிட்டோம், அங்கே சொல்லின் வேறுபாடு உயிரின் வேறுபாடாகவே ஆகிவிடுகிறது. ஒருவன் கையால் மற்றொருவன் இறந்துவிட்டால் நாம் கொலை என்று ஒரே சொல்லில் கூறிவிடுகிறோம். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமோ ‘கல்பபிள் ஹோமிஸைட்’ என்பதை 299ஆம் பிரிவிலும், ‘மர்டர்’ என்பதை 300ஆம் பிரிவிலும் தனித்தனியே விளக்கிற்று. 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் அதனிடத்தில் நடைமுறைக்கு வந்த புதிய நியாயச் சட்டமும் 100, 101ஆம் பிரிவுகளில் அப்பாகுபாட்டைப் போற்றியுள்ளது. முன்னது விரிந்த சொல். பின்னது அதனுள் அடங்கிய கொடிய வகை. திடீரென நேர்ந்த கடுமையான தூண்டுதலால் தன்னை அடக்கும் ஆற்றல் இழந்து ஒருவன் உயிர்ப்பலி நேரச் செய்தால், அது முன்னதோடு நின்றுவிடலாம். பின்னதற்கு மரண தண்டனை வரை விதிக்கலாம். அதன் எல்லைக்குள் வாராத முன்னதற்கு அத்தண்டனை இல்லை. தூக்குக் கயிற்றுக்கும் சிறைக்கும் இடையே நிற்பவை இரண்டு சொற்கள்!

ஆதலின், மாணவ நண்பர்களே, இணைச் சொற்கள் எதிர்ப்படும்போது மூன்று வினாக்களை எழுப்புங்கள். இச்சொல் எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது? இதன் எதிர்ச்சொல் யாது? இதை எடுத்துவிட்டு இதன் இணையை அங்கே வைத்தால் வாக்கியம் எதை இழக்கிறது? குறிப்பேட்டில் தமிழ்ச் சொல்லை மட்டும் எழுதாமல், அச்சொல் வந்த வாக்கியத்தையும் சேர்த்து எழுதுங்கள். சொல்லின் பொருள் அகராதியில் பாதிதான் இருக்கிறது. எஞ்சிய பாதி வாக்கியத்தில் வாழ்கிறது.

இப்படிப் பயில்பவர்க்கு ஆங்கிலம் மட்டுமன்றித் தமிழும் தெளிவாகும். வேறுபாடு காணாதவன் நாவில் சொற்கள் பெருகினும் கருத்துப் பெருகாது. சொல்லுக்குச் சொல் வரப்பு அறிந்தவனோ, தான் எண்ணியதையே சொல்வான். பிறர் சொன்னதையே புரிந்துகொள்வான்.