பிள்ளைகளின் நோட்டு
(மாலை வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் பேசியது)

மயிலாப்பூர் மாலை வகுப்பின் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம், வீட்டில் அன்றாடம் நடப்பதை எழுதச் சொன்னோம். ஒரு மகள் எழுதியதை அவள் சம்மதத்தோடு வாசிக்கிறேன்: "ஃபஜ்ருக்கு மோதினார் ஒரு தடவைதான் கூப்பிடுகிறார். அம்மா ஆறு தடவை. மோதினாருக்கு மைக் வேண்டும், அம்மாவுக்குத் தேவையில்லை." சிரிக்கிறீர்கள். அடுத்த வரியையும் கேளுங்கள்: "அண்ணன் போனை யாரும் தொடுவதில்லை. என் நோட்டை மட்டும் எல்லோரும் திறக்கிறார்கள்."

கவிஞர் சல்மா துவரங்குறிச்சிக்காரர். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். திருமணத்துக்குப் பிறகு, புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் எழுதி, தாயார் மூலம் வெளியே அனுப்பினார், பெயரையும் மறைத்துக்கொண்டார். 2004இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவல் வந்தது. 2025இல் மாநிலங்களவைக்குப் போனார். அவர் எழுதிய எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடு இல்லை, அது வேறு விஷயம். ஆனால் ஒரு பெண்பிள்ளை ஏன் ஒளிந்து எழுத வேண்டும்? ஓதச் சொல்லித் தொடங்கிய முதல் வஹீயே எழுதுகோலையும் சேர்த்துத்தானே சொல்கிறது?

மஃரிபுக்குப் பிறகு நோட்டுகளைப் பிள்ளைகள் கையிலேயே கொடுக்கிறோம். அத்தாமார்கள் வாங்கிப் புரட்ட வேண்டாம். அவர்களாக வாசித்துக் காட்டினால் உட்கார்ந்து கேளுங்கள். எழுத்துப்பிழையை நாங்கள் வகுப்பில் பார்த்துக்கொள்கிறோம்.