விளைப்பவரும் விலை வைப்பவரும்
கானாவும் சுவிற்சர்லாந்தும்: ஓர் ஒப்புநோக்கு

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இரண்டு நாடுகளை இன்று நாம் தராசிலே நிறுத்துப் பார்க்க எண்ணியுள்ளோம். ஒன்று, கடற்கரையே இல்லாது ஐரோப்பாவின் நடுவில் மலைகளிடையே கிடக்கும் சுவிற்சர்லாந்து. மற்றையது, பொன்னும் காடும் கடலும் ஒருங்கே வாய்த்த மேற்கு ஆபிரிக்க நாடாகிய கானா. ஐரோப்பாவிலும் ஆபிரிக்காவிலும் எத்தனையோ நாடுகள் இருக்க இவ்விரண்டையும் ஏன் தெரிந்தெடுத்தோம்? கானாவின் கமக்காரன் கொக்கோ விளைவிக்கின்றான். சுவிற்சர்லாந்து சொக்கலேற் செய்து உலகெங்கும் பெயர் பெற்றிருக்கின்றது. ஒரே பண்டத்தின் இரு முனைகளிலும் நிற்கும் நாடுகளை ஒப்பிட்டால், செல்வம் எங்கே பிறக்கின்றது, எங்கே போய்த் தங்குகின்றது என்பது விளங்கும்.

கணக்கு என்ன சொல்கின்றது?

முதலிற் கணக்கைப் பார்ப்போம். சுவிற்சர்லாந்தின் பரப்பு ஏறக்குறைய 41,000 சதுர கிலோமீற்றர். கானா அதைப்போல் ஆறு மடங்களவு பெரியது. சுவிற்சர்லாந்தின் மக்கள் ஏறக்குறைய 90 இலட்சம். கானாவில் 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி 3 கோடியே 8 இலட்சம். நாட்டின் ஓராண்டு உற்பத்தியைத் தலைக்கு இவ்வளவென்று பங்கிட்டால், 2023ஆம் ஆண்டிலே சுவிற்சர்லாந்தில் ஒருவருக்கு ஏறக்குறைய ஓர் இலட்சம் அமெரிக்க டொலர் வருகின்றது. கானாவிலோ 2,300 டொலர் அளவே. நாற்பது மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு! அக்ராவிலே கிழங்கும் வாழைக்காயும் மலிவு, சூரிச்சிலே ஒருவேளைச் சாப்பாடும் பெருஞ்செலவு என்று விலைவாசிக்குக் கழிவு கொடுத்துப் பார்த்தாலும், பத்து மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு எஞ்சி நிற்கின்றது.

பணக்கணக்கிலும் உயிர்க்கணக்கே பெரிது. சுவிற்சர்லாந்தில் இன்று பிறக்கும் பிள்ளை ஏறக்குறைய 84 ஆண்டுகள் வாழும் என எதிர்பார்க்கலாம். கானாவிற் பிறக்கும் பிள்ளை 65 ஆண்டளவே. ஐந்து வயது நிறையுமுன் இறக்கும் பிள்ளைகள் ஆயிரத்துக்கு அங்கே நால்வர். இங்கே நாற்பதின்மர் அளவு. இது கானா 2003ஆம் ஆண்டிலே தேசிய சுகாதாரக் காப்புறுதிச் சட்டத்தை நிறைவேற்றி, 2017ஆம் ஆண்டு முதல் உயர்தர இடைநிலைக் கல்வியையும் இலவசமாக்கிய பின்னர் உள்ள நிலை. அந்நாடு கைகட்டி இருக்கவில்லை என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இந்த வேறுபாட்டைக் கண்டவுடன், "ஐரோப்பியன் உழைப்பாளி, ஆபிரிக்கன் சோம்பேறி" என்று சொல்ல ஒரு கூட்டம் எப்போதும் இருக்கின்றது. அதற்கு வரலாறே விடை கூறட்டும்.

ஓராண்டு, இரு மனிதர்

1879ஆம் ஆண்டு. அக்ராப் பகுதியைச் சேர்ந்த ரெற்றே குவாசி என்னும் கொல்லர், பெர்னாந்தோ போ தீவிலே வேலை செய்து திரும்பும்போது கொக்கோக் காய்களைக் கொண்டுவந்து மம்பொங் என்னும் ஊரில் நட்டார் என்று கானாவின் கொக்கோச் சபை வரலாறு கூறுகின்றது. அதற்கு முன்னரே, 1850களில், சுவிற்சர்லாந்தின் பாசெல் நகர மிசனரிமாரும் அந்நாட்டிற் கொக்கோவை நட்டு முயன்று பார்த்தனர். ஆயினும் ஊரெங்கும் பரவியது அக்கொல்லரின் கன்றுகளிலிருந்தே என்பர். அதே 1879ஆம் ஆண்டில், பேர்ண் நகரிலே றொடொல்ப் லிண்ற் என்பவர் கொக்கோக் களியை நெடுநேரம் அரைத்து வழுவழுப்பாக்கும் பொறியைக் கண்டார். நான்காண்டு முன்னர் டானியல் பீற்றர் என்பவர் வெவே நகரிற் பால் கலந்த சொக்கலேற்றை ஆக்கியிருந்தார்.

கொல்லரின் வழிவந்தோர் செய்தது சிறு காரியமன்று. தேயிலைத் தோட்டங்கள் போலத் துரைமாரின் பெருந்தோட்டங்கள் அங்கே எழவில்லை. சிறு கமக்காரர் தாமே காடு வெட்டி, தாமே காசு சேர்த்து, தாமே நிலம் வாங்கிக் கன்று நட்டனர். ஏறக்குறைய முப்பதாண்டுகளில், 1911ஆம் ஆண்டளவில், கோல்ட் கோஸ்ட் எனப்பட்ட அந்நாடு கொக்கோ உற்பத்தியில் உலகிலேயே முதலிடம் பெற்றது. 1970களின் பிற்பகுதிவரை அவ்விடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. இவர்களையா சோம்பேறிகள் என்பது?

உழைப்பிலே குறையில்லை, குறை வேறிடத்திலே இருந்தது. விளைவித்தவன் கையில் விலை இருக்கவில்லை.

இலண்டனில் ஒரு பூட்டு, அக்ராவில் ஒரு பூட்டு

1937ஆம் ஆண்டில் கொக்கோ வாங்கிய ஐரோப்பியக் கம்பனிகள் தம்முட் போட்டியின்றி விலை வைக்க உடன்படிக்கை செய்துகொண்டன. கமக்காரர் என்ன செய்தனர்? விற்க மறுத்தனர். மாதக் கணக்காகக் கொக்கோ வீடுகளிலே தேங்கிக் கிடந்தது. 1938இல் பிரித்தானிய அரசாங்கம் ஒரு விசாரணைக் குழுவை அனுப்பவேண்டியதாயிற்று. கூலிக்காரருக்கு வேலைநிறுத்தம் உண்டு; கமக்காரருக்கும் அத்தகைய வலிமை உண்டென்று காட்டிய போராட்டம் அது.

அதன் பின்னர், 1947இல், கொக்கோ விற்பனைச் சபை அமைக்கப்பட்டது. கமக்காரனிடம் நிலையான விலைக்கு வாங்குவது, உலகச் சந்தையிற் கூடிய விலைக்கு விற்பது, மிச்சத்தைச் சேமித்து விலை சரியுங் காலத்தில் அவனைத் தாங்குவது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நோக்கம். நல்ல நோக்கந்தான். ஆனால் சேமிப்புப் பணம் இலண்டனிற் கிடந்தது; கமக்காரனின் கடன் கிராமத்திற் கிடந்தது.

சுயாட்சி வந்ததும் பூட்டுத் திறக்கும் என்று கமக்காரர் நம்பினர். 1954ஆம் ஆண்டில் உலகச் சந்தையிலே கொக்கோ விலை வானளாவியது. அந்த வேளையிலேதான் நிக்குருமாவின் அரசாங்கம், 60 இறாத்தல் சுமைக்கு 72 சிலிங் என்று கமக்காரரின் விலையை நான்காண்டுகளுக்குக் கட்டி வைத்தது. உலகச் சந்தை விலை அதனிலும் இரு மடங்குக்கு மேல்! கொக்கோவின் நெஞ்சகமாகிய அசாந்திப் பகுதி கொதித்தெழுந்தது. அவ்வாண்டு செப்டெம்பரிலே குமாசி நகரில் தேசிய விடுதலை இயக்கம் பிறந்து, சமஷ்டி அரசியலமைப்பு வேண்டுமென்று முழங்கியது. விலைக்கென்று எழுந்த குரல் ஆட்சியுரிமைக் குரலாக மாறிய விதத்தை நம்மவர் ஊன்றிக் கவனித்தல் வேண்டும்.

முடிவு என்ன? 1956ஆம் ஆண்டுத் தேர்தலில் நிக்குருமாவின் கட்சி 104 இடங்களுள் 71ஐ வென்றது. 1957 மார்ச் 6ஆம் நாள் கானா சுதந்திரம் பெற்றபோது, இணக்கமாகப் பிரதேச சபைகள் அரசியலமைப்பிலே இடம்பெற்றன. அதே ஆண்டு முடியுமுன் பிரதேச, இன, சமய அடிப்படையிலான கட்சிகள் சட்டத்தினால் தடுக்கப்பட்டன. 1959 முடியுமுன் அச்சபைகளும் ஒழிந்தன. இலண்டனிலே இருந்த பூட்டு அக்ராவுக்கு வந்தது. திறவுகோல் கமக்காரனிடம் வரவில்லை.

நிக்குருமா அப்பணத்தை வீணே இறைத்தாரென்று சொல்வது நீதியன்று. பள்ளிக்கூடங்கள் பெருகின, ரேமாத் துறைமுகமும் அக்கொசொம்போ அணைக்கட்டும் எழுந்தன. ஆனால் ஒரே பயிரின் தோளிலே முழு நாட்டையும் ஏற்றினார்கள். 1965இல் உலக விலை சரிந்தது. தாங்குவதற்குச் சேமிப்பு இல்லை. அடுத்த ஆண்டு பெப்ரவரியிலே இராணுவம் ஆட்சியைப் பறித்தது. அதன்பின் வந்தவர்களும் கமக்காரனைக் கறந்தனர். அவனோ அயல்நாடாகிய ஐவரி கோஸ்டுக்கு இரவோடிரவாகக் கொக்கோவைக் கடத்தினான், அல்லது மரத்தைப் பராமரியாது விட்டான். 1964-65இல் ஐந்தரை இலட்சம் தொன்னாக இருந்த விளைச்சல், வரட்சியும் காட்டுத்தீயும் சேர்ந்து தாக்கிய 1983-84இல் 1,59,000 தொன்னுக்கு இறங்கியது.

சுவிற்சர்லாந்தும் பட்டினி கிடந்தது

இனி மற்றைத் தட்டைப் பார்ப்போம். சுவிற்சர்லாந்து பிறப்பிலேயே செல்வ நாடன்று. 1816-17இல் அங்கே கொடும்பஞ்சம் நிலவியது. வயிற்றுப்பாட்டுக்காகச் சுவிஸ் குடும்பங்கள் கப்பலேறிப் பிரேசிலிலே நோவா பிரிபேர்கோ என்னும் குடியேற்றத்தை அமைத்தன. ஏழைகளின் பிள்ளைகளைப் பண்ணை வேலைக்கு ஒப்படைக்கும் கொடுமை இருபதாம் நூற்றாண்டிலும் நீடித்தது. அதற்காக அந்நாட்டு அரசாங்கம் 2013ஆம் ஆண்டிலேதான் மன்னிப்புக் கேட்டது. பெண்களுக்கு நாடளாவிய வாக்குரிமை கிடைத்ததும் 1971இலேதான்.

ஆயினும் 1848ஆம் ஆண்டு அரசியலமைப்பு, கன்ரன்கள் எனப்படும் மாநிலங்களின் கையிலும் கிராமசபைகளின் கையிலும் வரி விதிக்கும் அதிகாரத்தை விட்டுவைத்தது. நான்கு தேசிய மொழிகள் அங்கே வாழுகின்றன. மத்திய அரசாங்கம் நேர்வரி அறவிடுவதற்கும் காலவரையறை உண்டு: இப்போதைய அனுமதி 2035ஆம் ஆண்டுவரைதான், அதன்பின் மக்களிடம் திரும்பவும் வாக்குக் கேட்கவேண்டும். கமக்காரர் 1897இல் நாடளாவிய சங்கம் கண்டனர். பால் உற்பத்தியாளர் 1907இல் தமக்கெனத் தலைமைச் சங்கம் அமைத்தனர். 1899 முதற் கிராமக் கூட்டுறவு வங்கிகள் கிளைத்தன. பாலின் விலையைப் பற்றிப் பேசுவதற்குப் பால் கறப்பவனுக்கு வாய் இருந்தது.

இன்று அந்நாட்டிலே பண்ணைகள் ஐம்பதாயிரத்துக்கும் குறைவு. எனினும் 1996இல் மக்கள் வாக்களித்து, கமத்தொழிலைப் பேணுவதை அரசியலமைப்பிலேயே பதித்தனர். ஆண்டுதோறும் ஏறக்குறைய 280 கோடி பிராங் நேரடிக் கொடுப்பனவாகக் கமக்காரரைச் சென்றடைகின்றது. மானியம் பாவமென்று ஏழை நாடுகளுக்கு உபதேசிக்கும் உலகத்திலே, செல்வ நாடு தன் கமக்காரனை எவ்வாறு பேணுகின்றது என்று பாருங்கள்!

சமஷ்டி ஒன்றே அந்நாட்டைச் செல்வமாக்கிற்று என்று நாம் சொல்லவில்லை. இரு உலகப் போர்களிலும் படையெடுப்புக்கு ஆளாகாமல் தப்பியதும், அந்நிய நாட்டாரின் பணம் அதன் வங்கிகளை நாடியதும், அந்நியத் தொழிலாளரின் உழைப்பும் அதற்குத் துணை நின்றன. அயல்நாட்டு மூலப்பொருளை வாங்கிப் பக்குவப்படுத்தும் இலாபமும் பெரிது. கானாவிலிருந்து சுவிற்சர்லாந்துக்குச் செல்லும் பண்டங்களில் மதிப்பிலே முதன்மையானது கொக்கோவன்று, பொன். உலகின் பெரிய பொன் சுத்திகரிப்பு ஆலைகளுட் பல அங்கே உள்ளன. கானாவிலோ சட்டவிரோதப் பொன் அகழ்வு ஆறுகளைச் சேறாக்கி, கொக்கோ நிலங்களையும் விழுங்குகின்றது.

அண்மைக் காலப் பாடம்

சொக்கலேற் கட்டியொன்றின் கடை விலையிலே கொக்கோக் கமக்காரனைச் சேர்வது பத்திலொரு பங்குமில்லை. 2024 ஏப்பிரலில் உலகச் சந்தையிற் கொக்கோ தொன்னுக்கு 10,000 டொலரைத் தாண்டியது. கானாக் கமக்காரன் செல்வனாகியிருக்க வேண்டுமல்லவா? ஆனால் விளைச்சலின் பெரும்பகுதியைக் கொக்கோச் சபை முன்கூட்டியே பழைய விலைக்கு விற்றிருந்தது. மரங்களிலே தண்டு வீக்க நோய்; விளைச்சலும் குன்றியது. சபை அம்மாதத்திலே கமக்காரரின் விலையை உயர்த்தியது உண்மைதான். சந்தை ஏறிய உயரத்துக்கு அது ஏறவில்லை. 2025இல் உலக விலை மறுபடியும் சரிந்தது. ஏறும்போது எட்டாத விலை, இறங்கும்போது மட்டும் தலையிலே விழுவதுதான் இத்தகைய ஏற்பாட்டின் இயல்பு.

2022 டிசெம்பரிலே கானா தன் வெளிநாட்டுக் கடனிற் பெரும்பகுதியைக் கட்டுவதை நிறுத்தியது. அம்மாதம் பணவீக்கம் 54 வீதம். அடுத்த ஆண்டு சர்வதேச நாணய நிதியம் 300 கோடி டொலர் கடனுக்கு இணங்கியது. அதே 2022இல் ஏப்பிரல் மாதம் இலங்கையும் அவ்வாறே கடன் கட்ட இயலாது நின்றதை நாம் அறிவோம். ஆதலால் கானாவின் கதை நமக்கு அந்நியமன்று.

இக்கதையிலிருந்து கமக்காரருக்கும் கற்றோர்க்கும் மூன்று கடமைகள் புலனாகின்றன. முதலாவது, விளைபொருளைப் பச்சையாக விற்பதோடு நில்லாது, பக்குவப்படுத்தும் தொழிலையும் விளையும் இடத்துக்கு அண்மையிலே நிறுவுதல். இரண்டாவது, விலை பேசும் வலிமையுள்ள கூட்டுறவுச் சங்கங்களைக் கமக்காரர் தாமே நடத்துதல். அவற்றின் கணக்கை எழுதவும் சட்டத்தை விளக்கவும் உத்தியோகத்தரும் சட்டத்தரணிகளும் முன்வருதல். மூன்றாவது, தம்மிடம் அறவிடும் பணம் எங்கே செல்கின்றது என்று கேட்கும் அதிகாரத்தை ஊரவர் கையிற் சேர்த்தல். அந்நியன் போய் நம்மவன் வந்தான் என்பதனால் மட்டும் இம்மூன்றும் தாமே நிறைவேறிவிடா என்பதை 1954ஆம் ஆண்டின் கானா காட்டிற்று.

இங்கே கூடியிருப்பவர்களுள் நெல்லும் வெங்காயமும் புகையிலையும் விளைவிப்போர் உளர். கந்தோர்களிலும் நீதிமன்றங்களிலும் பாடசாலைகளிலும் பணியாற்றுவோரும் உளர். அடுத்த போகம் விற்பனைக்கு வருமுன் ஒருமுறை ஒன்றுகூடி, நம் பொருளின் விலையை யார், எங்கே இருந்து, எந்தக் கணக்கின்படி வைக்கின்றார் என்று விசாரித்துப் பாருங்கள். அந்த விசாரணையை இன்றே தொடங்குவோமாக.