எல்லாத் தோளும் ஒரே தோள் அல்ல

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிகளுக்கான வகுப்பில் ஆற்றிய உரை)



கொழுந்து எடுப்பவர்களுக்கும், மருந்து டாங்கியைச் சுமப்பவர்களுக்கும், கவ்வாத்து வெட்டுபவர்களுக்கும் தோள் வலி புதிதல்ல. தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாளும் மலைக்கு ஏறுகிறோம். தாங்க முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனால் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். திரும்பி வரும்போது நாம் கொண்டுவரும் பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: "படத்தில் ஒன்றும் இல்லை", அல்லது "உங்கள் எலும்பே அப்படி". இந்த இரண்டு பதிலுக்கும் என்ன அர்த்தம் என்று இன்று பார்ப்போம்.

கை எலும்பின் மேல்முனை பந்து போன்றது. அது பொருந்தும் குழி சிறியது, ஆழமும் இல்லை. அதனால்தான் கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிகிறது. பந்து நழுவாமல் பிடித்திருப்பவை நான்கு தசைகளின் நாண்கள். கையைத் தூக்க உதவும் நாண் ஓர் இடுக்கு வழியாகப் போகிறது. கீழே பந்து, மேலே, கூரை மாதிரி, தோள்பட்டை எலும்பின் நுனி. எக்ஸ்ரேயில் அளந்தால் இந்த இடைவெளி சாதாரணமாக 7 முதல் 14 மில்லிமீற்றர் வரை இருக்கும். நல்ல தோள்களிலேயே ஒருவருக்கு இருப்பதைப்போல் இரண்டு மடங்கு இன்னொருவருக்கு இருக்கலாம்.

கூரையின் வடிவமும் ஒன்றல்ல. 1986இல் அமெரிக்காவில் பிக்லியானி, மொரிசன் என்ற வைத்தியர்களும் அவர்களோடு இருந்தவர்களும் இறந்தவர்களின் 140 தோள்களை ஆராய்ந்து மூன்று வடிவங்களைச் சொன்னார்கள்: தட்டை, வளைவு, கொக்கி. கொக்கி வடிவத்தில் நாண் கிழிவு அதிகம் காணப்பட்டது. ஆனால் கொக்கி எலும்போடு வலியே இல்லாமல் வாழ்பவர்களும் இருக்கிறார்கள். பிற்காலத்தில் சி.ரி. ஸ்கேனில் குழியின் உயரம், அகலம், சாய்வு எல்லாம் அளக்கப்பட்டன. அங்கேயும் ஆளுக்கு ஆள் வித்தியாசம். பெண்களின் சராசரி அளவு ஆண்களுடையதைவிடச் சிறியது.

இப்போது அந்தப் பதில்களுக்கு வருவோம். எக்ஸ்ரே எலும்பைத்தான் நன்றாகக் காட்டும். நாண் கிழிந்திருந்தால் நேரடியாகக் காட்டாது. அதற்கு அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. வேண்டும். ஆகவே "படத்தில் ஒன்றும் இல்லை" என்றால் எலும்பில் ஒன்றும் தெரியவில்லை என்றுதான் பொருள். நாம் நடிக்கிறோம் என்று பொருள் அல்ல.

"உங்கள் எலும்பே அப்படி" என்பதும் முழுப் பதில் அல்ல. இடுக்கு குறுகலாக இருக்கலாம். ஆனால் அந்த இடுக்குக்குள் ஒரே அசைவை நாள் முழுக்க, வருடக்கணக்கில் செய்ய வைத்தது வேலை. எலும்பு வேறுபடுவது இயற்கை. வேறுபட்ட தோள்கள் மேல் ஒரே நிறையை வைத்து, குறைந்தால் அரைப்பேர் போடுவது மனிதர் செய்த ஏற்பாடு. மனிதர் செய்ததை மனிதர் மாற்றலாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. எலும்பை அளந்து ஆளைக் கழிக்கச் சொல்லி நாம் கேட்கவில்லை. ஆளுக்கேற்ப வேலையைத் திருத்தச் சொல்கிறோம். சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் 1967ஆம் ஆண்டு 127ஆம் இலக்கச் சமவாயம், உடல்நலத்தைக் கெடுக்கக்கூடிய பாரத்தை எந்தத் தொழிலாளியையும் சுமக்க வைக்கக்கூடாது என்கிறது. நாம் கேட்பதும் அதுதான்: கொழுந்து நிறுக்கும் இடம் மலைக்குப் பக்கத்தில் இருக்கட்டும், பாரம் சேருமுன் அடிக்கடி நிறுக்கட்டும், மருந்து டாங்கிக்கு அகலமான, மெத்தை வைத்த பட்டி கொடுக்கட்டும், வைத்தியர் எழுதிக் கொடுத்தால் முழுப்பேரோடு இலேசான வேலை தரட்டும்.

நாமும் மூன்று காரியம் செய்வோம். வைத்தியரிடம் "தோள் வலிக்கிறது" என்பதோடு நிறுத்தாமல், என்ன வேலை, எத்தனை வருடம், எந்தக் கை என்று சொல்வோம். படத்தையும் கிளினிக் கொப்பியையும் பத்திரமாக வைப்போம். மலையில் வழுக்கி விழுந்து தோளில் அடிபட்டால், அன்றே கணக்கப்பிள்ளையிடம் சொல்லிப் பதிய வைப்போம். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கேட்கப் போகும்போது அந்தப் பதிவு கையில் இருக்க வேண்டும்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் டிவிஷனில் தோள் வலியோடு வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிக் கொண்டு வாருங்கள். அந்தக் கணக்கோடுதான் துரையிடம் பேசப் போகிறோம்.