முதியோர் மனம் மகிழ
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



முதியோருக்கு வேண்டியவை எவை என்று கேட்டால், உணவு, உடை, மருந்து என்று உடனே விடை சொல்லிவிடுகிறோம். இம்மூன்றும் குறைவின்றி இருந்தும் உள்ளம் வாடுகின்ற முதியோர் நம் அயலிலே உண்டு. அவர்களைப்பற்றியே இன்று சில வார்த்தை பேச விரும்புகிறேன்.

எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவில் ஓர் ஆச்சி இருக்கிறார். பிள்ளைகள் கடல் கடந்த நாடுகளிலே. மாதந் தவறாமல் பணம் வருகிறது. ஒருநாள், "என்ன கறி ஆச்சி இன்றைக்கு?" என்று கேட்டேன். "ஒருத்திக்கு என்ன கறி, தம்பி? நேற்றைய சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன்" என்றார். காசு இல்லாமல் அல்ல. கூட இருந்து உண்ண ஆள் இல்லாமலே அடுப்பு மூட்ட அவருக்கு மனம் வரவில்லை.

நம் மன்னார் முதியோர் பட்டவை கொஞ்சமல்ல. 1964ஆம் ஆண்டு மார்கழியில் தனுஷ்கோடியை அழித்த புயல் இக்கரையையும் தாக்கியதை இளவயதில் கண்டவர்கள் அவர்கள். 1990இல் புகையிரதம் நின்றது. ஊர்விட்டு மடுவுக்குப் போனவர் சிலர். படகேறி இராமேசுவரம் சென்று மண்டபம் முகாமில் இருந்தவர் பலர். அவ்வாண்டு ஐப்பசியிலே முஸ்லிம் அயலவரும் இம்மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 2015இல் தலைமன்னார்த் துறைக்குப் புகையிரதம் திரும்பி வந்தது. ஊரைவிட்டுப் போன அயலவர் எல்லோரும் திரும்பி வரவில்லை. பழங்கதை பேசத் துணையற்ற தனிமை அதிலே பிறந்ததுதான்.

முதியோர் உரிமைகளைக் காக்க 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் உண்டு. பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்றே கைவிடலாகாது என்று அது விதிக்கிறது; பராமரிப்புப் பணம் பெறவும் வழி செய்கிறது. நல்லதே. ஆனால், பணத்தைக் கொடுக்கச் சொல்லும் சட்டம், பக்கத்தில் இருந்து பேசச் செய்ய வல்லதோ?

அமெரிக்காவில் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தார் 1938இல் தொடங்கி, மனிதரின் வாழ்க்கையை இளமைதொட்டு முதுமைவரை ஆராய்ந்து வந்தனர். செல்வத்தையும் புகழையும்விட நல்லுறவே முதுமையில் மகிழ்ச்சியும் உடல்நலமும் தருகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. நம் திண்ணைகள் அறிந்திருந்த உண்மைதான் இது. திண்ணைகளை நாம்தான் இடித்துவிட்டோம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். உணவில் வெறுப்பு, உறக்கமின்மை, கோயிலுக்குப் போகவும் விருப்பமின்மை, இவற்றைக் கண்டால் "வயது போய்விட்டது" என்று விட்டுவிடாதீர்கள். மனச்சோர்வு முதுமையின் இயல்பன்று. மருந்தாலும் ஆறுதலாலும் மாற்றக்கூடிய நோய். வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். சிலர் பேசாதிருப்பதற்குக் காது மந்தமானதே காரணமாகவும் இருக்கும், அதையும் பாருங்கள்.

இளைஞர்களே, நீங்கள் செய்யக்கூடியவை மூன்று. வாரத்தில் ஒரு மணி நேரம் ஒரு முதியவர் வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே போங்கள். உபதேசம் செய்யாதீர்கள், கேளுங்கள். இரண்டாவது, அவர்களிடம் ஏதாவது கற்றுக்கொள்ளுங்கள். ஓலைப்பெட்டி இழைக்கத் தெரிந்த கைகள் சும்மா இருக்கின்றன. காற்றைப் பார்த்துக் கடலின் குணம் சொல்லத் தெரிந்தவர்கள் கேட்பாரின்றி இருக்கிறார்கள். தாம் இன்னும் வேண்டப்படுகிறோம் என்று உணர்வதைவிட முதியோருக்கு வேறு மருந்தில்லை. மூன்றாவது, சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரம் போகும்போது வாகனத்தில் அவர்களுக்கும் இடம் வையுங்கள். பாலாவித் தீர்த்தத்தைக் குடத்தில் எடுத்துவந்து மகாலிங்கத்துக்குத் தம் கையாலே வார்க்கும் அந்த ஒரு கணத்துக்காக ஆண்டு முழுவதும் காத்திருப்பவர்கள் உண்டு.

சென்ற கிழமை ஆச்சி வீட்டில் நானும் உண்டேன். அன்று அடுப்பில் இரண்டு கறி இருந்தன. வேறென்ன சொல்ல?